1729: வாய்மொழிக் கதையும் ஏட்டுச் சான்றும்

முன்னுரை

தமிழ்ப் புலவர் வரலாற்றைக் கற்கப் புகுவோர் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். கம்பர், ஒட்டக்கூத்தர், காளமேகம் முதலியோரைப் பற்றி மக்களிடையே வழங்கும் செய்திகளுள் பெரும்பாலானவை தனிப்பாடல்களைச் சுற்றி எழுந்த கதைகளே. திருவானைக்காவில் அம்மையின் தாம்பூலத்தைப் பெற்ற கணத்திலேயே காளமேகம் கவியானார் என்பது அத்தகைய கதைகளுள் ஒன்று. அவர் யாரிடம் கற்றார், எவ்வளவு காலம் பயின்றார் என்னும் வினாக்களுக்கு அக்கதையில் இடமில்லை. இத்தகைய கதைமரபு பழம்புலவரோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்நாட்டுக் கணித மேதை சீனிவாச இராமானுஜனையும் (1887–1920) அது பற்றிக்கொண்டது. காளமேகத்துக்கு அகிலாண்டேசுவரி போல இராமானுஜனுக்கு நாமக்கல் நாமகிரித் தாயார். தனிப்பாடலின் இடத்தில் 1729 என்னும் எண்.

இவ்வெண்ணைப் பற்றிய கதையை, சுவடிப் பதிப்பாளர் பாடங்களை ஒப்புநோக்கும் முறையில், கிடைக்கும் அச்சுச் சான்றுகளோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அச்சான்றுகளுள் தலையாயவை பம்பாய் நகரிலிருந்து வெளிவந்தவை என்பதால், மும்பைவாழ் தமிழர்க்கு இதில் தனித்த உரிமையும் உண்டு.

மும்பையில் வழங்கும் வடிவங்கள்

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் நடைபெறும் தமிழர் கூட்டங்களிலும் பள்ளி விழாக்களிலும் இக்கதையைப் பலமுறை கேட்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியுள்ளது. இராமானுஜன் பிறந்த திசம்பர் 22ஆம் நாள் 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுவதால், ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் இதைச் சொல்லத் தவறுவதில்லை. கதையின் எலும்புக்கூடு எங்கும் ஒன்றே. நோயுற்றுப் படுத்திருந்த இராமானுஜனைக் காணப் பேராசிரியர் ஹார்டி டாக்சியில் வருகிறார், வண்டியின் எண் 1729, அது சுவையற்ற எண் என்கிறார், இராமானுஜன் மறுக்கிறார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் இதுவே மிகச் சிறியது என்று விடையளிக்கிறார்.

இதன்மேல் ஏறும் தசைதான் ஆளுக்காள் மாறுகிறது. மாட்டுங்காவின் மூத்த தலைமுறையினர் சொல்லும்போது விடையைத் தருபவள் நாமகிரித் தாயார். செம்பூரில் கேட்ட வடிவம் ஒன்றில் ஹார்டி வாய் மூடுவதற்குள் விடை வந்துவிடுகிறது. தாராவிப் பள்ளி விழா ஒன்றில் மாணவர் வரைந்திருந்த படத்தில் அவ்வண்டி மஞ்சள் கூரையும் கறுப்பு உடலும் கொண்ட மும்பை டாக்சியாகவே இருந்தது. கதை தான் வழங்கும் ஊரின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆயினும் எல்லா வடிவங்களுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: விடை உழைப்பின்றி வந்தது என்னும் கருத்து. பிறவியிலேயே வாய்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்னும் முடிவுக்கு அவ்விழாவில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் வந்தால் அவனைக் குறைகூற இயலாது. ஆகவே இக்கருத்து உண்மைதானா என்பதைச் சரிபார்ப்பது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று.

ஹார்டியின் மூலபாடம்

கதைக்கு மூலம் ஹார்டி எழுதிய இரங்கல் குறிப்பு. அது 1921இல் அச்சாயிற்று. 1927இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட இராமானுஜனின் ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பின் முற்பகுதியிலும் இடம்பெற்றது. அத்தொகுப்பைப் பதிப்பித்தோர் ஹார்டி, பி.வி. சேஷு ஐயர், பி.எம். வில்சன் ஆகிய மூவர்.

மூலபாடத்தை மக்கள் வழக்கோடு ஒப்பிடும்போது இரண்டு விடுபாடுகள் தெரியவருகின்றன. முதலாவது சிறிது. ஹார்டி 1729 என்று மட்டும் எழுதவில்லை. அதன் அருகில் 7, 13, 19 என்னும் பகாக் காரணிகளையும் குறித்துள்ளார். அஃதாவது, அவர் அவ்வெண்ணைக் கூறுகூறாகப் பிரித்து நோக்கிய பின்னரே சுவையற்றது என்றார். கதைசொல்லிகள் இக்காரணிகளை விட்டுவிட்டமையால் ஹார்டி ஏதும் அறியாதவர்போல நிற்கிறார். இரண்டாவது விடுபாடு பெரிது. இராமானுஜனின் விடையைக் கேட்டபின் ஹார்டி மற்றொரு வினாவையும் தொடுத்தார். அதற்கு வந்த விடையையும் எழுதிவைத்தார். அதனைக் கட்டுரையின் இறுதியில் காண்போம். நாமகிரித் தாயார் மூலபாடத்தின் இவ்விடத்தில் எங்கும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

1915இல் அச்சான வினா

இந்தியக் கணிதச் சங்கம் 1907இல் வி. இராமசாமி ஐயரின் முயற்சியால் தோன்றியது. அதன் இதழில் வாசகர் வினாக்களை விடுத்தலும் பிறர் விடை எழுதுதலும் வழக்கமாக இருந்தன. இராமானுஜன் தம் பெயரை முதலில் அச்சில் கண்டது இவ்விதழின் வழியேதான். இங்கிலாந்து சென்ற பின்னரும் அவர் வினாக்கள் அதில் வெளிவந்தன. 1915ஆம் ஆண்டின் ஏழாம் தொகுதியில் உள்ள 681ஆம் வினா நம் ஆய்வுக்கு உயிர்நாடியானது. மூன்று கன எண்களைக் கூட்டினால் ஓர் எண்ணின் ஆறாம் படி கிடைக்குமாறு முழு எண்களைக் காண்க என்று கேட்டு, சில எடுத்துக்காட்டுகளையும் இராமானுஜன் தந்துள்ளார். அவற்றுள் ஒன்று:

12³ − 10³ + 1³ = 3⁶

மூன்றின் ஆறாம் படி 729. அதுவே ஒன்பதின் கனம். கழிக்கப்பட்ட 10³ என்பதை மறுபக்கம் கொண்டு சென்றால்,

12³ + 1³ = 10³ + 9³

என்று வருகிறது. இருபுறமும் 1729. புட்னியில் இருந்த மருத்துவ இல்லத்துக்கு ஹார்டி டாக்சியில் சென்றதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இவ்வெண் இந்திய இதழ் ஒன்றில் ஏறத்தாழ வெளிப்படையாக அச்சேறியிருந்தது. இவ்வினாவும் மேற்சொன்ன 1927ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நூலின் முற்பகுதியில் கதை, பிற்பகுதியில் அக்கதைக்கான சான்று! இரண்டுக்கும் இடையே முந்நூறு பக்கங்கள். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு நூலை மூடிவிட்டனர் பலர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். வினாவில் சமன்பாடு மட்டுமே உள்ளது. அத்தகைய எண்களுள் இதுவே மிகச் சிறியது என்னும் செய்தி இல்லையே எனலாம். தடை நியாயமானதே. ஆனால் அதைச் சரிபார்ப்பது கடினமன்று. 1 முதல் 12 வரையுள்ள எண்களின் கனங்கள் பன்னிரண்டு. அவற்றை இரண்டிரண்டாகக் கூட்டினால் வரும் தொகைகள் 78. பலகையும் சுண்ணக்கட்டியும் உள்ள மாணவன் ஒரு பிற்பகலில் முடிக்கத்தக்க வேலை. ஆண்டுக்கணக்கில் கனங்களோடு பழகிய ஒருவர் அதைச் செய்திராமல் இருந்திருப்பார் என்று கருதுவதே அரிது.

பம்பாய் தந்த சான்றுகள்

இராமானுஜனின் வாழ்க்கையில் பம்பாய் முதலில் வருவது ஒரு துயர நாளில். 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறியவர், ஐந்தாண்டுகள் கழித்து 1919 மார்ச்சு 27ஆம் நாள் உடல் மெலிந்து பம்பாயில் கரையிறங்கினார். தாயார் கோமளத்தம்மாளும் தம்பியும் வந்து அழைத்துச் சென்றனர். மறு ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். அவர்தம் துணைவியார் சானகி அம்மாள் அதன்பின் சில ஆண்டுகள் பம்பாயில் தம் சகோதரர் இல்லத்தில் தங்கித் தையற்கலை பயின்றார். பிற்காலத்தில் சென்னையில் அவருக்குக் கைகொடுத்த தொழில் அதுவே.

ஆய்வு நோக்கில் இவற்றினும் முதன்மையானது 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சி. இராமானுஜன் இங்கிலாந்து செல்வதற்கு முன் தம் முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் எழுதாமலேயே குறிப்பேடுகளில் பதிந்து வந்தார். அவை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தன. அவற்றைப் பதிப்பிக்க வேண்டும் என்று ஹார்டி வற்புறுத்தினார். ஜி.என். வாட்சனும் பி.எம். வில்சனும் அப்பணியைத் தொடங்கினர்; 1935இல் வில்சன் மறைந்தார்; வாட்சனும் பின்னர்ப் பணியை நிறுத்திவிட்டார். இறுதியில், ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் 1957இல் அக்குறிப்பேடுகளை உள்ளவாறே ஒளிப்படப் பதிப்பாக இரு தொகுதிகளில் வெளியிட்டது. முதல் தொகுதியில் முதற் குறிப்பேடு. இரண்டாவதில் ஏனைய இரண்டும். உரையில்லை, திருத்தமில்லை, அடிக்குறிப்பில்லை. அவர் கையெழுத்து மட்டுமே. அக்கழகம் அப்போது கொலாபாவுக்கு இடம்பெயரவில்லை. இந்தியாவின் நுழைவாயில் அருகே பழைய படகுச் சங்கக் கட்டடத்தில் இயங்கிவந்தது. அங்கே கணிதப் பள்ளியை உருவாக்கியவர் கே. சந்திரசேகரன், கே.ஜி. இராமநாதன் முதலிய தென்னிந்தியரும் உடனிருந்தனர்.

இத்தகைய பதிப்பின் அருமையைத் தமிழாய்வாளர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்ட 1887ஆம் ஆண்டில்தான் இராமானுஜன் பிறந்தார். ஐயர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் இராமானுஜன் சேர்ந்தார். ஓராண்டு இடைவெளியில் இருவரும் விலகிப்போயினர். இருவர் ஏடுகளுக்கும் வேறுபாடு பெரிது: ஐயர் தேடிய சுவடிகளைப் படித்துப் பொருள் சொல்லப் புலவர் மரபு ஒன்று இருந்தது, இராமானுஜன் குறிப்பேடுகளுக்கு உரையாசிரியரே இல்லை. பம்பாய்ப் பதிப்பு வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே புரூஸ் பெர்ண்ட் அப்பணியை ஏற்று, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக உரை வகுத்தார்.

நம் எண்ணுக்கான இரண்டாம் சான்று இப்பதிப்பில் உள்ளது. மூன்றாம் குறிப்பேட்டில் இராமானுஜன் ஒரு பொதுவாய்பாட்டைத் தருகிறார். தமிழெழுத்துகளால் அதை இவ்வாறு எழுதலாம். க, ச, த, ப என்னும் நான்கு எண்கள் க² + க×ச + ச² = 3×த×ப² என்னும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டால்,

(க + த²×ப)³ + (த×ச + ப)³ = (த×க + ப)³ + (ச + த²×ப)³

க = 3, ச = 0, த = 3, ப = 1 என்று இட்டுப் பார்க்க. கட்டுப்பாட்டின் இருபுறமும் 9. வாய்பாடு 12³ + 1³ = 10³ + 9³ என்று ஆகிறது. ஆக 1729 அவருக்குத் தனியே கண்ணிற்பட்ட ஓர் எண் அன்று. எண்ணிறந்த எண்களை ஈனும் ஒரு விதியின் தலைமகவு.

எஸ்.ஆர். அரங்கநாதன் எழுதிய இராமானுஜன் வரலாற்று நூலும் 1967இல் பம்பாய் ஆசியா பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தது. உடன் பழகியோர் நினைவுகளைத் திரட்டித் தரும் அந்நூலை மும்பைத் தமிழ் அமைப்புகள் தேடி வைத்துக்கொள்ளுதல் நன்று.

எண்ணின் இயல்பு

கன எண்கள் இரண்டின் கூட்டுத்தொகையை எப்போதும் இரு காரணிகளாகப் பிரிக்கலாம்: இரு எண்களின் கூட்டுத்தொகை ஒரு காரணி, அவற்றின் இருபடிகளின் கூட்டுத்தொகையிலிருந்து அவற்றின் பெருக்கத்தைக் கழித்தால் வருவது மற்றது. 1, 12 என்னும் இணைக்கு அவை 13, 133. 9, 10 என்னும் இணைக்கு 19, 91. இனி ஹார்டியின் காரணிகளுக்குத் திரும்புவோம். 133 என்பது 7×19. 91 என்பது 7×13. அவர் சுவையற்றவை என்று கருதிய 7, 13, 19 ஆகிய மூன்றுமே, 7 எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைப் பொறுத்து, இரு விடைகளையும் தருகின்றன. விடை ஹார்டியின் கையிலேயே இருந்தது எனல் மிகையன்று.

அம்மூன்று எண்களிலும் ஒவ்வொன்றைக் கழித்தால் 6, 12, 18. இவை மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுக்கும். எனவே 1729, பகா எண்ணாக இல்லாமலே பகா எண்ணுக்குரிய ஒரு தேர்வில் எந்நாளும் தேறிவிடுகிறது: எந்த முழு எண்ணை 1729ஆம் படிக்கு உயர்த்தி அதே எண்ணைக் கழித்தாலும், எஞ்சுவதை 1729 வகுக்கும். இத்தகைய போலிகளுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105 ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது இது. மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். காப்ரேகர், தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' என்று பெயரிட்டார். இன்பந்தருவது என்பது பொருள். 1729இன் இலக்கங்களைக் கூட்டினால் 19; 19×91 = 1729. இது கண்ணுக்கு இனியதே ஆயினும் பத்தடிமான எழுத்துமுறையால் விளைந்த தற்செயல். முற்கூறிய இரண்டும் எண்ணின் உள்ளியல்பு. எம்முறையில் எழுதினும் மாறா.

இனி மற்றொரு சிறப்பு. ஒரு கன எண்ணை இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது என்பது ஃபெர்மாவின் கூற்றின் ஒரு பகுதி. 9³ + 10³ என்பதோ 12³ஐ விட ஒன்றே ஒன்று கூடுதல். மயிரிழையில் தவறும் இத்தகைய எண்களை இராமானுஜன் வரிசையாகவே ஆக்கிக்காட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஹார்டிக்கு அனுப்பிய தாள்களுள் ஒரு கட்டினை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜில் கண்டெடுத்தார். அதையும் அச்சாகாத பிற தாள்களையும் சேர்த்து 1988இல் வெளிவந்த நூலின் 341ஆம் பக்கத்தில் அவ்வரிசை உள்ளது. 1, 2, 2; அடுத்து 135, 138, 172; அடுத்து 11161, 11468, 14258. ஒவ்வொரு மூன்றிலும் முதலிரண்டின் கனங்களைக் கூட்டினால் மூன்றாவதன் கனத்தோடு ஒன்று கூடியோ குறைந்தோ வரும். முந்தைய இரண்டைக் கூட்டி 82ஆல் பெருக்கி, அவற்றுக்கும் முந்தையதைக் கழித்தால் அடுத்தது கிடைக்கும் என்பதே விதி. இவ்விதியை 1, 2, 2க்கு முன்னே ஒரு படி பின்னோக்கி நடத்தினால் −9, 12, 10 என்று வருகிறது. 12³ − 9³ = 10³ − 1; அதாவது மீண்டும் 1729! வரிசை எவ்வாறு பிறந்தது என்பதை விளக்க 1995இல் மைக்கேல் ஹிர்ஷ்ஹார்ன் எளிய நிறுவல் ஒன்றைத் தந்தார். கென் ஓனோவும் சாரா டிரெபாட்-லீடரும் இதே குறிப்பில் பிற்காலக் கணிதத்தின் நீள்வட்ட வளைவரைகளைப் பற்றிய கருத்துகள் பொதிந்திருப்பதைக் காட்டி 2016இல் 1729இன் பெயராலேயே ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1729இன் இரட்டைக் கனப் பண்பை முதலில் அச்சில் தந்தவர் இராமானுஜன் அல்லர். பிரான்சு நாட்டுப் பெர்னார்டு ஃப்ரெனிக்ல் 1657இலேயே அதைக் குறித்துவிட்டார். இதனால் இராமானுஜனின் பெருமை குன்றுவதாக நம்மவர் சிலர் வருந்துவது தேவையற்றது. ஓர் எண்ணைக் கண்டது ஃப்ரெனிக்ல்; அவ்வெண் பிறக்கும் குடியைக் கண்டது இராமானுஜன்.

ஹார்டியின் இரண்டாம் வினா

விடுபட்டுப்போன பகுதிக்கு இனி வருவோம். கன எண்களைப் பற்றிய விடையைக் கேட்டதும் ஹார்டி, நாலாம் படிகளுக்கும் இத்தகைய எண் உண்டா என்று வினவினார். இராமானுஜன் சற்றே சிந்தித்தார். வெளிப்படையான எடுத்துக்காட்டு ஏதும் தமக்குத் தோன்றவில்லை என்றும், அவ்வாறு ஒன்று இருப்பின் அது மிகப் பெரியதாக இருக்கும் என்றும் கூறினார். மும்பையில் கேட்ட வடிவங்களுள் ஒன்றிலேனும் இப்பகுதி இல்லை. தெய்வம் விடை தருவதாகச் சொல்லும் கதையில் 'தெரியவில்லை' என்னும் சொல்லுக்கு இடம் ஏது?

ஆனால் மூலபாடத்தின் உயிர் இப்பகுதியில்தான் உள்ளது என்பது கட்டுரையாளர் கருத்து. ஒரே மனிதர், ஒரே அறை, அடுத்தடுத்த இரு வினாக்கள். முதலாவதற்குத் தயங்காத விடை. அதற்கு 1915ஆம் ஆண்டு வினாவும் மூன்றாம் குறிப்பேட்டு வாய்பாடும் பின்புலம். இரண்டாவதற்குத் தயக்கம், ஏனெனில் அத்துறையில் அவர் அவ்வாறு உழவில்லை. விடைகள் அருளால் வந்தன எனின் இரண்டுக்கும் இடையே இவ்வேறுபாடு இருந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அறியாத இடத்திலும் அவர் கணிப்பு வழுவவில்லை. நாலாம் படிகளின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க எண் ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டிருந்தார்:

158⁴ + 59⁴ = 134⁴ + 133⁴ = 63,53,18,657

அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு. 1729ஐப் போல மூன்றரை இலட்சம் மடங்குக்கும் மேல். இதனினும் சிறியது இல்லை என்பதை ஜான் லீச் உறுதிசெய்தார். மூன்று வழிகளில் இரு கனங்களாகப் பிரியும் மிகச் சிறிய எண் 8,75,39,319 என்பதையும் அவரே கண்டார். லீச்சின் இம்முடிவுகள் வெளியான ஆண்டு 1957. குறிப்பேடுகளின் ஒளிப்படப் பதிப்பு பம்பாயில் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.